பழைய இன்ஜின்: அப்படியே மாட்டுவதா, பிரித்துக் கட்டிவிட்டு மாட்டுவதா?

ஓம்னியோ மாருதி 800-ஓ வைத்திருப்பவர்கள் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். வண்டி நீலப் புகை தள்ளுகிறது. மாதம் தவறாமல் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆறு பேர் ஏறிவிட்டால் பாலம் ஏற இழுவை இல்லை. மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்ஜின் வேலை வந்துடுச்சுங்க" என்கிறார். அப்புறம் ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள்.

சென்னைப் புதுப்பேட்டையிலோ, உடைக்கிற வண்டியிலிருந்தோ ஒரு பழைய இன்ஜினை வாங்கி அப்படியே மாட்டிவிடு என்பார் ஒருவர். வாங்கு, ஆனால் வீட்டில் வைத்துப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிக் கட்டிவிட்டு மாட்டு என்பார் இன்னொருவர். வெளி இன்ஜினே வேண்டாம், உன் இன்ஜினையே இறக்கிச் செய் என்பார் மூன்றாமவர். எல்லாவற்றையும் பட்டறையில் விட்டுவிட்டு நிம்மதியாக இரு என்பது வீட்டில் உள்ளவர்களின் கருத்து. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இவற்றில் எது பொருந்தும் என்று எடை போட்டுப் பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திறந்து பார்க்காத பழைய இன்ஜினை வண்டியில் ஏற்றாதீர்கள். எவ்வளவு தூரம் திறப்பது என்பதில்தான் நிஜமான தேர்வு இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு மாருதியின் 796 சி.சி. மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் 800 வந்தது, 2014 ஜனவரியில் நின்றது. ஓம்னி 2019 வரை வந்தது. நம் பக்கத்தில் இன்னும் நிறைய ஓடுகின்றன, உதிரிபாகம் எளிதில் கிடைக்கிறது, இரண்டு பேர் பிடித்து மேஜையில் ஏற்றிவிடக்கூடிய எடை. முதல்முறை வீட்டில் இன்ஜின் கட்ட நினைப்பவருக்கு இதைவிடத் தோதான இன்ஜின் கிடைப்பது கஷ்டம்.

ஹெட் வேலையா, அடி வேலையா

எதையும் வாங்கும் முன் உங்கள் இன்ஜினில் என்ன கோளாறு என்று தெரிய வேண்டும்: வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டிலா, பிஸ்டனும் அதைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கும் இருக்கும் அடிப்பகுதியிலா. இதைச் செய்யாமலேயே பலர் வேறு இன்ஜின் தேடிப் போய்விடுகிறார்கள்.

புகையைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நிமிடம் மட்டும் நீலமாக வந்து பிறகு நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு ஆயில் சீல்தான் போயிருக்கும். அதற்கு ஹெட் வேலை போதும். ஓட ஓட, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், அது உரசி ஓடும் சிலிண்டர் சுவரான போரும் தேய்ந்திருக்கின்றன. வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்கக் கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் தோராயமாக 150 முதல் 190 பி.எஸ்.ஐ. வரை வந்தால் நல்லது. இந்த அளவைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். 10, 15 விழுக்காட்டுக்கு மேல் போனால் உள்ளே ஏதோ சரியில்லை. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. இந்த ஒரு சோதனையே உங்களை வேறு இன்ஜின் வாங்கும் செலவிலிருந்து காப்பாற்றிவிடலாம்.

அடி வேலைதான் என்று முடிவான பிறகே மேற்கொண்டு பேச வேண்டியிருக்கிறது.

வாங்கி அப்படியே மாட்டுவது

இதன் கவர்ச்சி எல்லோருக்கும் தெரியும். காலையில் இன்ஜின் வந்தால் மாலையில் வண்டி ஓடும். விற்பவர், "ரன்னிங் கண்டிஷன் சார், நேத்து வரைக்கும் ஓடின வண்டி" என்பார். அவர் உண்மையே சொல்லலாம். ஆனால் ஓடியதா என்பது வேறு, எந்த நிலையில் ஓடியது என்பது வேறு. அந்த இன்ஜின் எத்தனை முறை சூடேறி நின்றது, ஆயில் ஒழுங்காக மாற்றினார்களா, பேரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நம் கடற்கரைக்கு என்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்தே இருக்கும். மேனிஃபோல்டை மூடாமல் தகரக் கொட்டகையில் கிடக்கும் இன்ஜினுக்குள் உப்புக் காற்று அந்த வழியாகப் போகும். ரிங் நிற்கும் இடத்தில் போரில் வட்டமாகத் துரு பிடிக்கும். கையால் சுற்றினால் சுற்றும், ஸ்டார்ட்டும் ஆகும். ஆனால் அந்தத் துருக்கோடு புது ரிங்கையும் சீக்கிரமே கீறிவிடும். பிளக் துளை வழியாக டார்ச் அடித்தோ, மலிவான போர்ஸ்கோப் கேமராவை விட்டோ பார்த்தால் தெரியும். வாங்குமிடத்திலேயே பாருங்கள்.

அதைவிடப் பெரிய கவலை வெள்ளம். 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மூழ்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்தது. இப்படி மூழ்கிய கார்களில் பல உடைக்கப் போகும், அவற்றின் இன்ஜின்கள் சந்தைக்கு வரும். அவை எல்லாமே கெட்டவை என்று சொல்லவில்லை. அணைத்து நிறுத்தியிருந்தபோது மூழ்கிய இன்ஜினை உடனே திறந்து சுத்தம் செய்திருந்தால் அது பிழைக்கும். தண்ணீருக்குள் ஓட்டியபோது காற்று வடிகட்டி வழியாகத் தண்ணீரை உறிஞ்சிய இன்ஜின் வேறு கதை. தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது அது இடம் கொடுக்காததால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைகிறது. கொஞ்சமாக வளைந்த ராடோடும் இன்ஜின் ஓடும், விற்பனைக்கும் வரும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ராட் உடைந்து, இன்ஜினின் உடலான பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஹெட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிஸ்டனையும் அதன் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேல் மட்டத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று வெர்னியரால் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றுபோல நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அந்த ராட் வளைந்திருக்கிறது. ராக்கர் கவருக்கு அடியில் வண்டல், ஆயில் மூடியில் பால் நிறக் கசடு, ஃபிளைவீல் பல்லில் சீரான துரு ஆகியவையும் வெள்ள அடையாளங்கள். ஹெட்டைக் கழற்றாமல் முதல் சோதனையைச் செய்ய முடியாது என்பதே அப்படியே மாட்டும் வழிக்கு நான் எதிராக இருப்பதற்குப் போதுமான காரணம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இன்ஜின் இன்னும் பழைய வண்டியிலேயே இருக்கிறது, பின்னால் அடிபட்டதால் உடைக்கிறார்கள், ஸ்டார்ட் செய்து காட்டுகிறார்கள், கம்ப்ரஷன் பார்க்கவும் விடுகிறார்கள் என்றால் அடுத்துச் சொல்லும் பாதித் திறப்போடு மாட்டலாம். அதுகூட அப்படியே மாட்டுவது அல்ல.

பாதி திறப்பது

கம்ப்ரஷன் நன்றாக இருக்கும் இன்ஜினுக்கு இது நியாயமான வழி. ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். அடியில் பளபளக்கும் உலோகத் துகள் கிடந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஒரு பிக் எண்ட் மூடியையும் (ராடின் கீழ்முனை மூடி) ஒரு மெயின் மூடியையும் (கிராங்கைத் தாங்கும் மூடி) கழற்றிப் பேரிங்கின் முகத்தைப் பாருங்கள். சீரான சாம்பல் நிறம் என்றால் நல்லது. செம்பு நிறம் தெரிந்தாலோ நகத்தில் தட்டும் கீறல் இருந்தாலோ பாதி திறப்போடு நிறுத்த முடியாது, முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான்.

எல்லாம் சரி என்றால் மாற்ற வேண்டியவை: கிராங்கின் முன், பின் ஆயில் சீல்கள், வால்வு ஆயில் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், சம்ப், ராக்கர் கவர் கேஸ்கெட்டுகள், கிளட்ச் பிளேட். பின் ஆயில் சீல் சாதாரண விலை உள்ள பொருள். ஆனால் வண்டியில் ஏறிய பிறகு அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இன்ஜின் வெளியே இருக்கும்போது மட்டுமே சுலபமான வேலைகள் இவை.

இங்கே பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஓடும் அறைகளை மூடுபவை அவை. கடற்கரையோரம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இந்தத் தகடு உள்ளிருந்தே அரித்து ஓட்டையாகும். கிளட்ச் பக்கம் மறைந்திருக்கும் தகடு ஒழுகினால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். வெளியே இருக்கும்போதே எல்லாத் தகடுகளையும் புதிதாக அடித்துவிடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்த கூலண்ட் மட்டும் ஊற்றுங்கள்.

முழுதாகப் பிரிப்பது: யாருடைய இன்ஜினை?

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பலர் பார்ப்பதில்லை. வாங்கிய இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டப் போகிறீர்கள் என்றால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட், லேத் கூலி எல்லாம் செலவாகும். உங்கள் சொந்த இன்ஜினைக் கட்டினாலும் அதே பட்டியல்தான். அப்படியானால் வாங்கிய இன்ஜினுக்குக் கொடுத்த பணம் எதற்கு? இரண்டே காரணங்கள் அதை நியாயப்படுத்தும். ஒன்று, உங்கள் பிளாக் காப்பாற்ற முடியாத நிலையில் இருக்கிறது: விரிசல், ராட் குத்திய ஓட்டை, எல்லா ஓவர்சைஸ் பிஸ்டனும் (அசல் அளவைவிடப் பெரியது) ஏற்கெனவே போட்டு முடித்த போர். இரண்டு, உங்கள் வண்டி நிற்க முடியாது.

இரண்டாவது காரணத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றுகிறவருக்கும், கடலூர் பழைய துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் மீன் எடுத்துப் போகிறவருக்கும், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவருக்கும் வண்டி நின்றால் வருமானம் நிற்கும். அவர்கள் பழைய வண்டியைப் புகையோடு ஓட்டிக்கொண்டே வாங்கிய இன்ஜினை வீட்டில் நிதானமாகக் கட்டலாம். தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம். அவசரம் இல்லாததால் வேலையும் நன்றாக வரும்.

சொந்த இன்ஜினுக்கு ஒரு பெரிய பலம்: காகிதம். ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. பிளாக் மாறினால் எண் மாறும். அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் மாற்ற வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு என்று 52-ஆம் பிரிவு இருக்கிறது. எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுக் கோரிக்கையில் தகராறு வரும், விற்கும்போதும் தடங்கல் வரும். ஆகவே வாங்கும் முன் அலுவலகத்தில் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று விசாரியுங்கள். எண் குறிப்பிட்ட பில், பழைய வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எண் இருக்கும் இடத்தில் தேய்த்த தடம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பொருத்தத்தையும் பாருங்கள். "800 இன்ஜின்" என்று கேட்டால் 796 சி.சி.யில் ஆறு வால்வு எஃப்8பி-யும் வரலாம், ஆல்டோவில் வந்த பன்னிரண்டு வால்வு எஃப்8டி-யும் வரலாம். கொள்ளளவு ஒன்றுதான், ஹெட்டும் ஒயரிங்கும் வேறு. கார்புரேட்டர் வண்டிக்கு எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜின் வாங்கினாலும் இதே தலைவலி.

வீட்டில் எது, லேத்தில் எது

வீட்டில் இன்ஜின் கட்டுவது என்றால் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது என்று யாரும் நினைக்க வேண்டாம். போர் போடுவது (சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது), கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடி முகத்தைச் சமமாக்குவது), வால்வு சீட் வெட்டுவது நான்கும் லேத் பட்டறை வேலை. கடலூரிலும் புதுச்சேரியிலும் இதற்குப் பட்டறைகள் உண்டு. பிரிப்பது, கழுவுவது, அடையாளமிடுவது, இடைவெளி பார்ப்பது, கட்டுவது எல்லாம் வீட்டு வேலை. இந்தப் பங்கீடு சரியாக இருந்தால், வேலை நெரிசலில் இருக்கும் பல பட்டறைகளைவிட வீட்டில் கட்டிய இன்ஜின் சுத்தமாக வரும் என்பது என் உறுதியான கருத்து. காரணம், வீட்டில் ஒரே இன்ஜின்தான் இருக்கிறது. ஒவ்வொரு ரிங்கின் இடைவெளியையும் பார்க்க நேரம் இருக்கிறது.

பிரிக்கும்போது மெயின் மூடி, ராட் மூடி எதுவும் இடம் மாறக் கூடாது. அவை அந்தந்த இடத்தில் சேர்த்து வைத்தே துளையிடப்பட்டவை. எண் இல்லாவிட்டால் பெயின்ட் புள்ளி வைத்து, எந்தப் பக்கம் முன்னால் என்றும் குறியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை இடம் எழுதிய தனித்தனிப் பையில் போடுங்கள்.

பிறகு அளவு. இந்த இன்ஜினின் போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. போரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். 0.10 மி.மீ.-க்கு மேல் நீள்வட்டமாகவோ கூம்பாகவோ தேய்ந்திருந்தால் புது ரிங் மட்டும் போட்டுப் பயனில்லை. ஓவர்சைஸ் பிஸ்டனோடு போர் போட வேண்டும். 0.25, 0.50 மி.மீ. ஓவர்சைஸ்கள் கிடைக்கும். தேய்மானம் எல்லைக்குள் இருந்தால் ஹோனிங் (கல்லால் லேசாகத் தேய்ப்பது) செய்து, குறுக்குக் கோடுகளை மறுபடி உண்டாக்கி, அதே அளவில் புது ரிங் போட்டால் போதும். போர் கேஜும் மைக்ரோமீட்டரும் வாங்க வேண்டிய அவசியமில்லை. பிளாக்கையும் கிராங்கையும் லேத்துக்கு எடுத்துப்போனால் அளந்து சொல்லிவிடுவார்கள். அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். "கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு" என்ற பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

போர் போடக் கொடுக்கும்போது நல்ல லேத்காரர் ஒன்று சொல்வார்: "பிஸ்டன் செட்டை முதல்ல கொண்டா தம்பி, அப்புறம் போர் போடலாம்." பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல், வாங்கிய பிஸ்டனையே அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டு போர் போடுகிறவர் அவர். பிஸ்டனைக் கேட்காமலேயே போர் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பிளாக்கைக் கொடுக்க நான் தயங்குவேன்.

ஹெட் அலுமினியம். ஒரு முறை சூடேறி நின்றிருந்தால் வளைந்திருக்கும். நேர்பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழைந்தால் ஃபேசிங் வேண்டும்.

லேத்திலிருந்து வந்த பிளாக்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி நிறுத்திவிடுவது பரவலான பழக்கம். அது போதாது. ஹோனிங் தூள் போரின் நுண்ணிய கோடுகளில் தங்கிவிடும், புது ரிங்கை அதுவே தின்றுவிடும். சோப்புத் தூள் கரைத்த வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் போரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரை விடாதீர்கள். கழுவிய பிளாக்கை ஆயில் பூசாமல் ஓர் இரவு விட்டாலும் நம் ஊர்க் காற்றில் செந்துரு படர்ந்துவிடும். ஆயில் பூசி, பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

கட்டும் பருவத்தைத் தேர்ந்தெடுப்பதும் இங்கே வேலையில் சேர்த்திதான். ஆடியில் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும், திறந்த கொட்டகையில் பேரிங்கைத் திறக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் துருவும். தையிலிருந்து சித்திரை வரை தோதான காலம். மூடிய அறை, கழுவிய தரை, நல்ல விளக்கு இருந்தால் போதும்.

வாங்கியே ஆக வேண்டிய கருவிகள் டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், ரிங் கம்ப்ரஸர், பிளாஸ்டிகேஜ். கடைசியது மெழுகுபோன்ற மெல்லிய இழை. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே வைத்து, கிராங்கைச் சுற்றாமல், மூடியை உரிய அளவுக்கு முறுக்கிக் கழற்றினால் இழை நசுங்கிய அகலம் இடைவெளியைக் காட்டும். புது பேரிங்தானே என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. கிராங்க் கிரைண்டிங்கில் சிறு பிசகு இருந்தாலும் இங்கேதான் தெரியும், வண்டியில் ஏறிய பிறகு தெரிந்து பயனில்லை.

ரிங்கைப் பிஸ்டனில் போடும் முன் போருக்குள் தனியாக இறக்கி, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியைப் பாருங்கள். இந்த அளவு போருக்குக் கால் மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும், சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிப் போரைக் கீறும். ரிங்கில் குறியிட்ட முகம் மேலே, முனைகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் விலகி, பிஸ்டனின் அம்புக்குறி உரிய பக்கம். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தவணையில் முறுக்குங்கள். சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசாதீர்கள், உள்ளே பிதுங்கிய துண்டு ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். டைமிங் பெல்ட் போட்டதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்தி டைமிங் குறிகளைச் சரிபாருங்கள்.

வண்டியில் ஏறியதும் பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அப்புறம்தான் ஸ்டார்ட். புது இன்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்திவைப்பது ரிங்குக்கு நல்லதல்ல. ரிங் போரில் படிய மிதமான சுமையும் மாறும் வேகமும் வேண்டும். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிச் சாலையில் ஊர்களுக்குள் மெதுவாகவும் வெளியே கொஞ்சம் வேகமாகவும் போய்வருவது இதற்கு ஏற்றது. முதல் 500 கி.மீ.-இல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

மற்ற வழிகள்

பட்டறையில் முழுதாக விடுவது தவறான வழி அல்ல. நேரமோ இடமோ இல்லாதவருக்கு அதுவே சரி. அப்போது லேத் அளவுத் தாளையும் கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள், கட்டும்போது டார்க் ரெஞ்ச் பயன்படுத்துகிறார்களா என்று ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். கம்பெனியிலிருந்து புது ஹாஃப் இன்ஜின் (பிளாக்கோடு கூடிய அடிப்பகுதி) வாங்குவது தரத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் பழைய 800-க்கு அந்தச் செலவு வண்டியின் விலையோடு போட்டிபோடும்.

டீசலில் கணக்கே மாறுகிறது. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டாவில் வந்த 1248 சி.சி. மல்டிஜெட் போன்ற காமன் ரெயில் (ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும்) இன்ஜினை முதல் முயற்சியாக வீட்டில் பிரிக்க வேண்டாம். பம்ப், இன்ஜெக்டர், டர்போ ஒவ்வொன்றும் தனி நிபுணர் வேலை. பல காமன் ரெயில் டீசல்களில் இன்ஜெக்டரை மாற்றினால் அதன் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அங்கே பாதி திறப்பு வரை நீங்கள் பார்க்கலாம், மற்றதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

விலைப் பட்டியலை நான் வேண்டுமென்றே போடவில்லை, ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். வரிசை மட்டும் சட்டென்று மாறாது: அப்படியே மாட்டுவதில் முதல் செலவு குறைவு, பாதி திறப்பில் கொஞ்சம் கூடுதல், சொந்த இன்ஜினைக் கட்டுவது அதற்கு மேல், வாங்கி முழுதாகக் கட்டுவது இன்னும் மேல். பட்டறைக் கூலி சேர்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு படி ஏறும். அப்படியே மாட்டியது கெட்டுப்போனால் இறக்கி ஏற்றும் கூலி இரட்டிப்பாகி அந்த வரிசையே தலைகீழாகும்.

வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது, இது சில வாரம் நிற்கலாம் என்பவர் சொந்த இன்ஜினையே இறக்கிக் கட்டட்டும். காகித வேலை இல்லை, இன்ஜினின் வரலாறும் தெரியும். வண்டி ஓடியே ஆக வேண்டியவர் நல்ல பில்லோடு ஒரு பழைய இன்ஜின் வாங்கி, வீட்டில் முழுதாகக் கட்டி, இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றி மாட்டட்டும். உங்கள் பழைய இன்ஜினை ஆர்.சி. மாறிய பிறகும் கொஞ்ச காலம் விற்காமல் வைத்திருங்கள், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் என்று ஏதாவது தேவைப்படும்.

15 வருடப் பதிவு முடியப்போகும் வண்டி வைத்திருப்பவர் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிப்பார்கள், வண்டியையும் பார்ப்பார்கள். நம் பக்கத்தில் இன்ஜினுக்கு முன்னால் உப்பு அடித்தட்டைத் தின்றிருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, தரைத் தகட்டையும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெல்டிங் பட்டறையில் எவ்வளவு ஆகும் என்று முதலில் கேட்டு, இரண்டு செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினைத் தொடுங்கள்.